எங்க ஊர் பீர்

அந்தத் தண்ணி பாட்டிலைச் சித்தக் குடுங்க தம்பி. குடிக்கறதுக்கில்லீங்க, வெத்தலைக்கு. ஈரத்துணியில சுத்தித்தான் வெச்சிருக்கறேன். ஆனா இந்த ஏசிக் காத்து இருக்குதுங்களே, ஈரத்தை உறிஞ்சிப்போடுது. போதுங்க, போதுங்க. இதுக்கு மேல தெளிச்சா அழுகிப்போயிரும்.

தமிழ்னு எப்படிக் கண்டுபிடிச்சேன்னா கேக்கறீங்க? கையில சாண்ட்விச்சை வெச்சுக்கிட்டு போன்ல 'தயிர்சோறுதாம்மா சாப்ட்டேன்'னு சொன்னீங்களே, அப்பவே பையத் தூக்கிட்டு இங்க வந்துட்டேன். நீங்களும் சிகாகோவுக்குத்தானுங்களா? நல்லதாப் போச்சு. போர்டுல நேரம் மாறியிருக்குதான்னு பாத்துச் சொல்லுங்க. என்ற கண்ணாடி பெட்டியோட போயிருச்சு. இந்த பிராங்க்பர்ட்டுல இன்னும் மூடுபனின்னுதான் போட்டிருக்குதா? சரி. என்ன பண்றது, உக்காருவோம்.

என்ற பேரு சென்னியப்பன். திருப்பூருங்க, பனியன் கம்பெனி. சிகாகோவுல இறங்கி ஒரு காரைப் பிடிச்சு மில்வாக்கி போகோணும். அங்க என்ற மச்சான் இருக்கறான். நாச்சிமுத்துன்னு பேரு. என்ற ஊட்டுக்காரிக்குக் கூடப்பொறந்த அண்ணன். பாசத்துல பாக்கப் போறேன்னு நெனைச்சுக்காதீங்க. ஒரு பஞ்சாயத்து இருக்குது, அதைத் தீக்கப் போறேன். பீர் பஞ்சாயத்து.

சிரிக்கறீங்க பாருங்க. இதுல சிரிக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க.

இந்தக் கவரைப் பாருங்க. இப்பத்தான் அந்தக் கடையில வாங்குனேன். கவரைப் பிரிக்கக் கூடாதுன்னாங்க, நானும் பிரிக்கல. மூனிக்ல இப்ப பீர் நோம்பி, அதான் பீர்த் திருவிழா, நடக்குதில்ல, அந்த நோம்பிக்குன்னே காச்சற பீர் இது. நீங்க இங்க படிக்கறீங்கன்னா உங்களுக்குத் தெரியாததா? மார்ச்சுல காச்சி, வெயில் காலம் முச்சூடும் குளுந்த எடத்துல தூங்க வெச்சு, இலை உதுர்ற நேரத்துல தொறப்பாங்களாம். அந்தக் காலத்துப் பழக்கம். பீருன்னா சும்மா காச்சிக் குடிக்கறதுன்னு நெனைச்சிட்டிருந்த ஆளுங்க நானு. காத்திருக்கறதுக்கும் ஒரு ருசி இருக்குதுன்னு அதுல தெரிஞ்சுக்கிட்டேன்.

முத முதல்ல நானும் மச்சானும் ஒட்டுக்கா வந்தோமுங்க. கம்பெனி அப்பத்தான் எந்திரிச்சு நிக்குது. எங்ககிட்ட பனியன் வாங்கற ஜெர்மன் பையர் எங்களை நோம்பிக் கொட்டாய்க்குக் கூட்டிட்டுப் போனான். கொட்டாய்னா எத்தனை பெருசு, நம்ம தேர்த்திருவிழாக் கடையெல்லாம் உள்ள கொண்டுபோய் வெச்சிரலாம். ஆளுக்கொரு ஜாடி கொண்டாந்து டொக்குன்னு வெச்சாங்க. வெச்சதும் மச்சான் என்னைப் பாக்கறான், நான் மச்சானைப் பாக்கறேன். ஏன்னா அது புரட்டாசி. எங்க ஊட்டுல புரட்டாசின்னா கறியும் கெடையாது, இதுவும் கெடையாது. வெளிநாட்டுல யாரு பாக்கப் போறான்னு நான் ஜாடியில கையை வெச்சிட்டேன். மச்சான் என்ற மணிக்கட்டைப் பிடிச்சான். 'மாப்ள, பெருமாளுக்கு விசா வேண்டியதில்லீங்க'ன்னான்.

அவன் அப்படித்தானுங்க. சொல்றதைச் சொல்லிப்போட்டு மூஞ்சியை ஒண்ணுமே தெரியாத மாதிரி வெச்சுக்குவான்.

பையருக்கு ஒண்ணும் புரியல. விளக்கிச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரிச்சான். மார்ச்சுல இருந்து காத்திருந்த பீரு, உங்களுக்காக இன்னுங் கொஞ்ச நாளைக்குக் காத்திருக்கட்டும்னு ஆளுக்கு ரெண்டு பாட்டில் குடுத்தனுப்புனான். ஐப்பசி ஒண்ணாந்தேதி கம்பெனியில வெச்சுத் தொறந்தோம். அன்னைக்குப் பிடிச்ச பழக்கம்.

அப்புறம் அமெரிக்கா ஆர்டர் வந்துச்சு. அதை மச்சான் பாத்துக்கிட்டான், ஜெர்மனியை நான். புரட்டாசியில நான் இங்க வருவேன், அவன் அங்க போவான். அங்கயும் இதே நோம்பியை இதே பேருல கொண்டாடறாங்க. மில்வாக்கி பூராவும் அந்தக் காலத்துல கப்பலேறிப் போன ஜெர்மன்காரங்களாமே. அவன் அங்க காச்சுன பாட்டிலைக் கொண்டாருவான், நான் இங்கத்ததைக் கொண்டாருவேன். ஐப்பசி ஒண்ணு பொழுதோட, செக்கிங் பொம்பளைங்க எல்லாம் வேலை முடிஞ்சு போனதும், ரெண்டு கிளாஸ்ல ஊத்தி லைட் பெட்டிக்குள்ள வெப்போம்.

லைட் பெட்டி தெரியாதுங்களா? துணியோட ஷேடு பாக்கற பெட்டிங்க. பையர் முதல்ல ஒரு துண்டுத் துணியை ஓகே பண்ணிக் குடுப்பான். நம்ம சாயம் போடற ஒவ்வொரு லாட்டுத் துணியும் அந்தத் துண்டோட ஒத்துப்போகோணும். வெயில்ல ஒரு கலர் தெரியும், டியூப் லைட்டுல ஒரு கலர் தெரியும். அதனால பெட்டிக்குள்ள ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, லைட்டை மாத்தி மாத்திப் போட்டுப் பாப்போம். துளி வித்தியாசம் இருந்தாலும் ரிஜெக்ட். அந்தப் பெட்டிக்குள்ள பீரை வெச்ச ஆளுங்க உலகத்துலயே நாங்க ரெண்டு பேருதான் இருப்போம்.

ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே கலருதான். செம்புக் குடத்தை வெளக்கி வெச்ச மாதிரி. வாயில வெச்சாத்தான் வித்தியாசம். இவிங்களுதுல வறுத்த பொட்டுக்கடலை வாசம் வரும், ரொட்டி ஓரம் மாதிரி ஒரு ருசி, கடைசியில சுத்தமா முடிஞ்சிரும். நாக்குல ஒண்ணும் ஒட்டாது. அமெரிக்காவுது அப்படியில்ல. நாட்டுச்சக்கரைப் பாகு கொஞ்சம் தூக்கலா இருக்கும், கசப்பும் சித்த நேரம் தொண்டையில நிக்கும். நான் சொல்லுவேன், 'மச்சா, இது மொய் வெச்சவன் எழுந்து போகாமப் பந்தியிலயே உக்காந்திருக்கற மாதிரி இருக்குதுங்க'ன்னு. அவன் சொல்லுவான், 'உங்குளுது கல்யாணத்துக்கு வந்து கையைக் கழுவாமயே ஓடிப்போறவன் மாப்ள'ன்னு. கம்பெனிக்குக் கீழயே ஊடு, என்ற ஊட்டுக்காரி ருக்குமணி மாடிப்படியில நின்னு, 'ரெண்டு பேரும் இறங்கி வாங்க, தோசை ஆறுது'ன்னு சத்தம் போடுவா. அவ்வளவுதான். வருசா வருசம் இதுதான். யாரும் ஜெயிச்சதில்ல.

இப்ப ஏதோ அறிவிப்புக் குடுத்தாங்களே, நம்ம வண்டிக்குங்களா? இல்லையா. சரி. நான் ஒருக்கா எந்திரிச்சு நின்னுக்கறேன், காலு மரத்துப்போச்சு. நீங்க இந்தப் பையைப் பாத்துக்கங்க. அந்தத் தாம்பாளத்து மேல கால் படாம.

தாம்பாளம் எதுக்கா? சொல்றேன், அதுக்குத்தான் வர்றேன்.

மச்சான் பையன் மில்வாக்கியில வேலைக்குப் போனான். அங்கயே ஊடு வாங்குனான். அப்பா வாங்க, அம்மா வாங்கன்னான். மச்சான் போறேன்னு சொன்னப்ப நான் தடுக்கலீங்க. 'போய்ட்டு வாங்க'ன்னேன். நான் எதுக்குத் தடுக்கோணும்? எனக்கென்ன அவன் இல்லாட்டி பொழுது போகாதா? கம்பெனி இருக்குது, சங்கம் இருக்குது, நூறு ஜோலி இருக்குது. ஊட்டுச் சாவியை ருக்குமணிகிட்டக் குடுத்துட்டுப் போனான். பெருமாநல்லூர்ல அவன் ஊடு. வாரா வாரம் நான்தான் போறேன். மோட்டாரைப் போட்டுவிடலைன்னா பிடிச்சுக்கும், அதுக்குத்தான். போன மாசம் சுவருக்குப் பெயிண்டு அடிச்சேன். எங்க ஊட்டுக்கு அடிச்சதுல மிச்சம் இருந்துச்சு. மிச்சம் பத்தாம இன்னும் கொஞ்சம் வாங்க வேண்டியதாப் போச்சு, அது வேற.

பஞ்சாயத்துக்கு வர்றேன். அவன் போன மொத வருசம். ஐப்பசி ஒண்ணு. சரி, ஆளு இல்லாட்டிப் போகுது, போன் இருக்குதில்லன்னு வீடியோவுல கூப்பிட்டான். அவனுக்கு அங்க விடியக்காலம், காப்பி குடிக்கற நேரம். கிளாஸை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறான். நான் திருப்பூர்ல லைட் பெட்டி முன்னால. அந்த வருசம் பையரே கூரியர்ல அனுப்பியிருந்தான், நோம்பிக் கொட்டாயில ஊத்தற அதே பீருன்னு சொல்லி. ஊத்துனேன். கலரு கொஞ்சம் வெளுப்பு. தங்கக் கலரு. சரி, லைட்டுக்கு அப்படித் தெரியுதுன்னு விட்டுட்டேன். அவன் விடுவானா?

'மாப்ள, லைட்டை மாத்திப் போடுங்க'ன்னான். போட்டேன். 'இன்னொரு லைட்டு'ன்னான். போட்டேன். அப்புறம் சிரிக்கறான். 'ஷேடு மாறிப்போச்சுங்களே மாப்ள. இது நாம அன்னைக்குக் கொண்டாந்த கலரே இல்ல. உங்காளுக லாட்டையே மாத்திட்டாங்க. பையர் ஓகே பண்ணுன துண்டு பத்திரமா இருக்கறது எங்க ஊர்லதான்'ன்னு சொல்லி, அவன் கிளாஸைத் தூக்கிக் காட்டறான். செம்புக் கலரு. அன்னைக்குப் பாத்த அதே கலரு.

எங்க ஊராம்! கேட்டீங்களா தம்பி? பெருமாநல்லூர்ல பொறந்து, என்ற கூடப் பழைய ஸ்கூட்டர்ல நூல் மூட்டையைக் கட்டிட்டுத் திரிஞ்சவனுக்கு மில்வாக்கி எங்க ஊராம். போயி முழுசா ஒரு வருசம் ஆகல. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். பீருக்காகத்தான். ஷேடு பாக்கத் தெரியாதவன்னு என்னைச் சொன்ன மாதிரி ஆச்சில்ல? 'அப்ப உங்க ஊர்லயே இருங்க'ன்னு சொல்லிப் போனை வெச்சிட்டேன்.

அவன் திரும்பக் கூப்பிடல. நானும் கூப்பிடல. வெச்சவன்தான் கூப்பிடோணும்னு ருக்குமணி சொல்றா. சொன்னவன்தான் கூப்பிடோணும்னு நான் சொல்றேன். நீங்க படிச்சவரு, நீங்களே சொல்லுங்க.

என்ன? நோம்பிக் கொட்டாயில இப்பெல்லாம் வெளுத்த பீருதான் ஊத்தறாங்களா? செம்புக் கலரு பழசா? நீங்களும் அதையேதான் சொல்றீங்களா. இருக்கலாமுங்க, நான் இல்லைங்கல. இப்பக் கடையில கூட ரெண்டு விதமும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு. நான் எதை எடுத்தேன்னு பாருங்க. செம்புக் கலரு. அவன் சொன்னதுக்காக எடுக்கல. கைக்கு முதல்ல ஆம்பட்டது இதுதான்.

இப்பத் தாம்பாளத்துக்கு வர்றேன். என்ற மக தாரணிக்கு ஐப்பசி கடைசியில கல்யாணமுங்க. எங்க வழக்கம் என்னன்னா, முதல் பத்திரிகை குலசாமிக்கு. அடுத்தது தாய்மாமனுக்கு. மாமன் ஊட்டு வாசல்ல நின்னு, தாம்பாளத்துல வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்பிடோணும். அவன்தான் மணவறையில பொண்ணு நெத்தியில பட்டம் கட்டோணும். அவனைக் கூப்பிடாம வேற யாருக்கும் ஒரு பத்திரிகை கூட எந்திரிக்காது. நான் என்ன பண்ணுனேன், காலம் மாறிப்போச்சு, கடல் தாண்டி இருக்கறானேன்னு பத்திரிகையை வாட்ஸாப்புல அனுப்பிச்சேன். கலர்ப் படமுங்க, பிள்ளையார் கூட அசைவாரு. அவன் என்ன அனுப்பறான் தெரியுங்களா? ஒரு கட்டைவிரல். வெறும் கட்டைவிரல்! வாழ்த்துன்னு ஒரு வார்த்தை போட்டா விரல் தேஞ்சிருமா?

ருக்குமணிகிட்டக் காட்டுனேன். அவ அழுதா. அவன் அனுப்புனதுக்கு அழுகறாளாக்கும்னு பாத்தா, நான் அனுப்புனதுக்கு அழுகறா. கட்டுக் கட்டாப் பத்திரிகை சாமி ரூம்புல அடுக்கி வெச்சிருக்கறா. ஒண்ணைத் தொட விடமாட்டேங்கறா. பங்காளிங்க எல்லாம் 'என்ன சென்னியப்பா, கல்யாணம் உண்டா இல்லையா'ன்னு கேக்கற அளவுக்கு வந்திருச்சு. தாரணி அதுக்கு மேல. 'மாமா வந்து பட்டம் கட்டுனா மணவறைக்கு வர்றேன், இல்லாட்டி ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போய்க்கறேன்'ங்கறா. அவனுக்கு அவ மேல உயிருங்க. காது குத்துனப்ப அவன் மடியிலதான் உக்காந்திருந்தா. இவ அழுததை விட அவன் அழுதது அதிகம்.

பொண்ணு கல்யாணம் நின்னுபோகுமோங்கற பயத்துல நான் போகலீங்க. சும்மா கையை வீசிட்டுப் போறதுக்குப் பதிலா, பஞ்சாயத்துக்குப் போறப்ப அப்படியே தாம்பாளத்தையும் கொண்டுபோனா ஒரே செலவுல முடியுமில்ல? அதான்.

சொல்லாமத்தான் போறேன். சொன்னா ஏர்போர்ட்டுக்கு வந்து நிப்பான். நின்னா யாரு முதல்ல பேசறதுன்னு ஒரு இது வந்திரும். திடுதிப்புன்னு வாசல்ல போய் நின்னா அவன்தான பேசோணும்? 'வாங்க மாப்ள'ன்னு சொல்லித்தான ஆகோணும்? ஆனா மனசு கேக்காம, ஆளு ஊர்ல இருக்கறானான்னு பாக்கறதுக்காக நேத்திருந்து ஒரு மிஸ்டு கால் குடுத்துப் பாக்கறேன். போனை அணைச்சு வெச்சிருக்கறான். நேத்து அணைச்சது இன்னும் போடல. பாருங்க, இப்பக் கூட. கேட்டீங்களா, ஏதோ இங்கிலீஷ்ல ஒரு பொம்பள பேசறா. அத்தனை திமிரு. இல்ல, ஒடம்புக்கு ஏதாச்சும் ஆகியிருக்குமோ? அவனுக்குச் சக்கரை இருக்குதுங்க. அந்தப் பாகுத் தண்ணியைக் குடிக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அதுக்கெல்லாம் காது குடுக்கற ஆளா.

வெத்தலையை அமெரிக்காவுல உள்ள விடமாட்டாங்கன்னா சொல்றீங்க? பிடுங்கிக்குவாங்களா? அட, இதை முதல்லயே சொல்லப்படாதா. இத்தனை நேரம் தண்ணி தெளிச்சிட்டிருக்கறேன். பாக்கு? அதுவுமா? அப்ப வெறுந் தாம்பாளத்தை வெச்சா கூப்பிடறது? வெத்தலைக் கவுளி பூராவும் நானே ஒவ்வொண்ணாப் பாத்து எடுத்ததுங்க, ஒரு ஓட்டை கெடையாது.

இருங்க, போன் அடிக்குது. ஊட்டுல இருந்துதான்.

அலோ. சொல்லு ருக்கு. இல்ல, இன்னும் ஏறல, பனி. ஏன் ஒரு மாதிரி பேசற? அழுகறயா? தாரணிக்கு என்னாச்சு? அப்புறம் என்ன? யாரு? எங்க? நம்ம ஊட்டுலயா? எப்ப?

மச்சானா?

குடு அவிய கிட்ட. குடு சொல்றேன்.

மச்சா! எப்பிடி இருக்கறீங்க மச்சா? சக்கரை எப்பிடி இருக்குது? மாத்திரை கொண்டாந்தீங்களா? ஆமாங்க. ஆமாங்க, பிராங்க்பர்ட்டுல. உங்களைக் கூப்பிடத்தான் வந்தனுங்க, வேற எதுக்கு வர்றேன். ஏனுங், கூப்பிடாம நீங்க எப்பிடி வரலாம்? ஒரு முறை வேண்டாமுங்களா? ஆமாங்க. சரீங்க. என்னது? சரீங்க மச்சா. அப்ப ஒண்ணு பண்ணுங்க. எந்திரிங்க அங்கிருந்து. கூப்பிடாத ஊட்டுல ஒரு வாய் தண்ணி கூடக் குடிக்காதீங்க. ருக்குகிட்ட சாவி இருக்குது. உங்க ஊட்டுக்குப் போங்க. மோட்டார் ஓடுது, லைட்டு எரியும், படுக்கை விரிச்சிருக்குது. அங்க போய் உக்காந்திருங்க. நான் வந்து வாசல்ல நின்னு கூப்பிடறேன். அதுக்கு முன்னால யாரு கூப்பிட்டாலும் வரக் கூடாது, தாரணி கூப்பிட்டாலும். பாட்டில் கொண்டாந்திருக்கறீங்களா? தொறந்திராதீங்க. புரட்டாசி. வெக்கறேன் மச்சா. நீங்க வெய்ங்க. சரி, நானே வெக்கறேன்.

பாத்தீங்களா தம்பி? இதைத்தான் இத்தனை நேரமா சொல்லிட்டிருக்கறேன். கொஞ்சம் கூடப் பொறுமை கெடையாது அவனுக்கு. கட்டைவிரலை அனுப்பிப்போட்டு அன்னைக்கே டிக்கெட் போட்டிருக்கறான். கல்யாணத்துக்கு ஒண்ணரை மாசம் முன்னாலயே வந்து உக்காந்திருக்கறான். பந்தல்காரனை அவனே பாத்துப் பேசோணுமாம், நான் பேசுனா ஏமாத்திருவாங்களாம். நான் வானத்துல இருக்கறப்ப அவனும் வானத்துல இருந்திருக்கறான், அதான் போனு எடுக்கல. எப்பிடியோ, முதல்ல பேசுனது அவன்தான். நீங்க சாட்சி.

கண்ணுல ஒண்ணுமில்லீங்க, இந்த ஏசிதான்.

கடைசியா என்ன சொன்னான் தெரியுங்களா? 'எப்ப மாப்ள நம்மூருக்குத் திரும்பறீங்க'ன்னான். நம்மூருன்னான், தம்பி. அவன் வாயால.

எந்திரிங்க. உங்களுக்கு இவிங்க பாஷை தெரியுமில்ல, அந்தக் கவுண்டருல இருக்கற அம்மாகிட்ட வந்து சொல்லுங்க. என்ற பெட்டியை இறக்கோணும், கோயமுத்தூருக்கு எந்த வழியா இருந்தாலும் சரி, முதல் வண்டியில எடம் வேணும்னு சொல்லுங்க. வெத்தலையை நீங்க வெச்சுக்கங்க, நான் ஊர்ல புதுசா வாங்கிக்கறேன். இல்லீங்க, அந்தப் பீர் பாட்டிலைக் குடுத்திருங்க, அது வரோணும். அவன் ஒண்ணு கொண்டாந்திருக்கறான், ரெண்டையும் லைட் பெட்டிக்குள்ள பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கோணும். ஏன் திரும்பறீங்கன்னு கேப்பாங்களா? என்ன சொல்றதுன்னா கேக்கறீங்க? மச்சான் ஊருக்கு வந்துட்டான்னு சொல்லுங்க.